மூன்று பீச் டின்னும் ஒரு சருவம் மணலும்

முதல் டின்னில் ஒன்பது துண்டுகள் இருந்தன. இரண்டாவதில் எட்டு. மூன்றாவதில் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அதை யாரும் திறக்கவே இல்லை.

எண்ணாமல் விட்டவை என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. தனுஷ்கோடித் துறையில் கப்பலுக்கும் ரயில் வேகனுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற பெட்டியையும் எண்ணிக் குறிப்பதுதான் எனக்கு உத்தியோகம். பதினோரு வருஷம் அதைச் செய்தேன். உத்தியோகம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, பழக்கம் போகவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது எத்தனை நிமிஷம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் எத்தனை நிமிஷம், என் இருமல் எத்தனை என்று இன்றைக்கும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். எண்ண வேண்டிய ஒரு நாளில் நான் தப்பாக எண்ணினேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த மூன்று டின்களும் என் தங்கையின் டிரங்குப் பெட்டியில் வந்தவை. அவள் பதினான்கு வயதில் கொழும்புக்குப் போனாள். பாம்பனுக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய குடியிருப்பு எங்களுடையது. அய்யாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது. வாடைக்காற்று நாளில் அதுவும் கரையில் கிடக்கும். என்னைப் படிக்க வைத்தார்கள், அவளை அக்கரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வயதான பறங்கி அம்மாள் வீட்டில் சமையல்கட்டுக்கு எடுபிடியாகச் சேர்ந்து, கடைசியில் அந்தச் சமையல்கட்டுக்கே அவள்தான் எல்லாம் என்று ஆனாள். பன்னிரண்டு வருஷம். சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு தேசத்துக்கும் இடையே போய்வர அனுமதிக் காகிதம் தேவைப்பட்டது. அவள் காகிதத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தாறு வயதில் நான் வேலை பார்த்த அதே துறையில் வந்து இறங்கினாள். அன்றைக்கு இறங்கியவர்கள் நூற்று நாற்பத்தொரு பேர். அவளையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

பெட்டியில் நாலு புடவை, ஒரு குடை, இரண்டு வட்டத் தகரத் தட்டு, ஒரு மரக்கரண்டி, மூன்று பீச் டின். டின்கள் அந்த அம்மாள் விடைகொடுக்கும்போது கொடுத்தவை. நாங்கள் யாரும் அந்தப் பழத்தைப் பார்த்ததில்லை. டின்னின் மேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்த என் மனைவி, "மாம்பழத்துக்குச் சீக்கு வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

வந்த முதல் வாரம் தங்கையால் வீட்டில் இருக்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே கருவாடு காயப்போடும் இடம். சாளை மீனையும் காரல் மீனையும் அப்படியே மணலில் பரப்பி வைப்பார்கள். அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேதான் தண்ணீர் எடுக்கப் போவாள். என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை.

"மூக்கை அக்கரையிலயே வச்சிட்டு வந்திருக்கலாம்ல, துரைச்சாணி?"

"வச்சிட்டுத்தான் வரப் பாத்தேன் மதினி, கப்பல்காரன் விடலை" என்றாள் தங்கை. அப்போதெல்லாம் அவளுக்கு வாய் இருந்தது.

ஐந்து மாதத்தில் முந்தானை கீழே இறங்கிவிட்டது. அது எந்த நாளில் இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை. அவளும் கவனிக்கவில்லை.

அதற்குள் அய்யா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். காரங்காட்டுக்காரர். நாற்பத்து மூன்று வயது. மனைவி இறந்து ஒன்றரை வருஷம். மூன்று பிள்ளைகள். கெட்ட மனுஷர் என்று யாரும் சொன்னதில்லை, நல்ல மனுஷர் என்றும் யாரும் சொன்னதில்லை. தங்கை வேண்டாம் என்றாள். அழவில்லை, கத்தவில்லை. "அய்யா, நான் ஒரு எடத்துல வேலை பாத்துப் பொழைச்சுக்கிருவேன், என்னைய விட்டுருங்க" என்றாள்.

"எங்கன போயி வேலை பாப்ப? கப்பல் ஏறவும் விடமாட்டான்ல."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பங்குச் சாமியார் ஒரு சேதி சொன்னார். ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்தில் வெள்ளைக்கார மதர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சமைக்க, அவர்கள் ஊர்ப் பக்குவம் தெரிந்த ஒரு பெண் வேண்டும். தங்க இடம் உண்டு. சாமியார் இவளைப் பற்றி எழுதிப் போட்டார். கைப்பட ஏதாவது செய்து வியாழக்கிழமை எடுத்துவரச் சொல்லிப் பதில் வந்தது.

அய்யா யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி தாயி. மடத்துல எடுத்துக்கிட்டாகன்னா நீ போ, நான் மறிக்கல. இல்லைன்னா நாயித்துக்கிழமை காரங்காட்டுக்காரவுகளுக்கு வாக்குக் குடுத்துருவேன். அப்புறம் பேசப்படாது."

அவள் பேசமாட்டேன் என்று தலையசைத்தாள். அவ்வளவும் ஒரு தட்டுப் பலகாரத்தில் வந்து நின்றது.

அதற்கு அவள் சொன்ன பெயர் காப்ளர். எங்களுக்கு வாயில் நுழையவில்லை, "அந்தப் பழப் பலகாரம்" என்றுதான் சொன்னோம். கொழும்பில் இதைச் சுட ‘ஓவன்’ என்று ஒரு இரும்புப் பெட்டி அடுப்பு உண்டு. இங்கே அவள் வாயகன்ற ஒரு சருவத்தை அடுப்பில் ஏற்றி, அதில் நான்கு விரல் உயரத்துக்கு மணலைப் போட்டு, மணலில் மூன்று ஓட்டுச் சில்லை வைத்து, சில்லின் மேல் தட்டை வைத்தாள். மேலே இரும்பு மூடி. மூடியின் மேல் கொட்டாங்கச்சித் தணல். மணல் சூட்டைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து கொடுக்கும், தணல் மேலிருந்து கொடுக்கும்.

மணலுக்கு அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. குடியிருப்புக்கு வடக்கே உடை மரங்களுக்கு அப்பால் ஒரு மணல்மேடு. அங்கே ஆடு போகும், மீன் போகாது. அந்த மணலை எடுத்துவந்து மூன்று தண்ணீர் விட்டு அலசி, பாயில் காயப்போட்டாள். "வெண்ணெய் இருக்கு பாரு, அது எந்த வாடையையும் பிடிச்சுக்கிரும்ணே" என்றாள்.

திங்கட்கிழமை முதல் டின்னை ஒத்திகைக்குத் திறந்தாள். ஒன்பது அரைத் துண்டுகள், மஞ்சள் நிறம், வழவழவென்று. தட்டில் வெண்ணெய் தடவித் துண்டுகளைக் குப்புறக் கவிழ்த்து, பாகில் பாதியை ஊற்றினாள். மைதாவில் சீனியும் ஆப்பசோடாவும் கலந்து, வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துப் பிசறி, மோர் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்தாள். அதைக் கரண்டி கரண்டியாகப் பழத்தின் மேல் விட்டாள். நான் கையை நீட்டிச் சமன்படுத்தப் போனேன்.

"மெழுகாதண்ணே. மேடும் பள்ளமுமாத்தான் இருக்கணும். பள்ளத்து வழியாத்தான் பாகு பொங்கி மேல வரும்."

நாற்பத்தைந்து நிமிஷம். பாகு பொங்கி மேலே வந்தது, கொஞ்சம் வழிந்து மணலிலும் இறங்கியது. மேல்மாவு வெடித்துச் சிவந்திருந்தது. அய்யா, அம்மாவோடு வீட்டில் ஐந்து பேர், துண்டு ஒன்பது. ஒருவருக்கு மட்டும் ஒன்று குறையும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தங்கை தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு இரண்டிரண்டாகப் போட்டுவிட்டாள். அய்யா நிதானமாகச் சாப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. கருப்பட்டி போட்டிருந்தா இன்னும் எடுத்துக் குடுக்கும்."

என் மனைவி தட்டை விரலால் வழித்தாள். அதுவே பெரிய சான்றிதழ்.

பாகு இறங்கிய மணலில் மறுநாள் எறும்பு மொய்த்தது. அதைக் கொட்டிவிட்டாள். புதன்கிழமை நான் துறையிலிருந்து வந்ததும், "அண்ணே, மேட்டுல இருந்து ஒரு சருவம் மணல் அள்ளிட்டு வந்திரு. ராவுல அலசிக் காயப்போட்டாத்தான் காலையில ஆகும்" என்றாள். சரி என்றேன். அன்றைக்கு ஒரு வேகனில் இரண்டு பெட்டி குறைந்து, மூன்று தடவை எண்ணி, கால் கடுத்துப்போய் வந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அவள் பால்காரி வீட்டில் வெண்ணெய்க்குக் காத்திருந்ததில் என்னைக் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. ரயில் ஒன்பது நாற்பதுக்கு. எனக்கு ரயில் என்றால் எப்போதும் பதற்றம். ஐந்தே முக்காலுக்கு அவள் மாவு சலித்துக்கொண்டே, "மணல் கொண்டாந்துட்டியாண்ணே?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"இந்தா வாரேன்" என்று சருவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டு வாசலிலிருந்து மணல்மேட்டுக்கு இருநூற்றுப் பதினான்கு அடி, என் காலால். பின்புறம் கருவாட்டு மணலுக்கு முப்பத்தொன்று. நூற்று எண்பத்து மூன்று அடி வித்தியாசம், போக ஒரு தடவை, சுமந்துகொண்டு வர ஒரு தடவை. பலகாரம் மணலைத் தொடப்போவதில்லை, சில்லுமேல் அல்லவா நிற்கிறது, மணல் வெறும் சூட்டுக்குத்தானே என்று கணக்குப் பார்த்தேன். மேலாக இருப்பதை விலக்கிவிட்டு அடியில் உள்ளதாக அள்ளினேன். அள்ளியதை மோந்தும் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. முப்பத்தொரு வருஷம் அந்தக் காற்றையே மூச்சு விட்ட மூக்கு, அதற்கு எப்படித் தெரியும்?

"அலசலையாண்ணே?"

"காஞ்ச சுத்த மணலு. அலசினா ஈரம் போறதுக்குள்ள ரயில் போயிரும்."

அவள் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். அடுப்பு வெளிச்சத்தில் என்ன தெரியும். மோந்தாள். தலையசைத்துக் கொட்டினாள். ஐந்து மாதத்துக்கு முன்பு என்றால் சருவத்தை என் முகத்தில் எறிந்திருப்பாள்.

இரண்டாவது டின்னில் எட்டுத் துண்டுதான். அந்த டின்காரனைத் திட்டினேன். எட்டேகால் மணிக்கு மூடியைத் திறந்தபோது பலகாரம் திங்கட்கிழமையைவிட அழகாக வந்திருந்தது. என் மனைவிகூட, "மதர் அம்மாமாரு தட்டையும் சேத்துத் தின்னுருவாக" என்றாள். அம்மா சிலுவை போட்டு அனுப்பினார். தட்டை வெள்ளைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, தங்கை ஸ்டேஷனில் உட்கார்ந்தாள். நான் அவசரப்படுத்தியதில் ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்திருந்தோம்.

ரயிலில் எங்களுக்கு எதிரே ஒரு குடியானவர், அபிராமம் பக்கம். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டுக் குடும்பத்தோடு திரும்புகிறார். பாலம் தாண்டியதும் மூக்கைச் சுழித்தார்.

"ஏம்மா, மடியில கருவாடா?"

"இல்லைங்கய்யா, பலகாரம்."

"பலகாரமா! எங்க ஊர்ல கருவாட்டுல பலகாரம் பண்றதில்லையே!"

பெட்டியே சிரித்தது. தங்கையும் சிரித்தாள். எங்கள் பெட்டியில் இருக்கைகளுக்கு அடியில் கருவாட்டுக் கூடைகள் இருந்தன. ஐந்து. எண்ணிப் பார்த்து மனதை ஆற்றிக்கொண்டேன். தங்கை என் காதருகில் குனிந்து, "பாவம், அவருக்கு வண்டி பூராவும் அப்படித்தான் இருக்கும். நான் வந்து எறங்குன அன்னைக்கு எனக்கும் கொமட்டுச்சு" என்றாள்.

மடத்தில் எங்களை ஒரு கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். சிவப்பு சிமெண்டுத் தரை, பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். ஐந்து நாற்காலி, ஒரு மேஜை, திருஇருதயப் படம். அங்கே காற்றில் ஒன்றுமே இல்லை. பிறந்ததிலிருந்து ஒன்றும் இல்லாத காற்றை நான் அன்றைக்குத்தான் சுவாசித்தேன்.

பெரிய மதர் வந்தார். உயரமானவர், தமிழை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துப் பேசினார். கூடவே ஒரு இளைய சிஸ்டர். தங்கை துணியை அவிழ்த்தாள். அவிழ்த்த கணத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. இனிப்பும் வெண்ணெயும் ஒரு பக்கம், அதற்கு அடியிலிருந்து வெயிலில் காய்ந்த சாளை. இளைய சிஸ்டரின் கைக்குட்டை மூக்குக்குப் போனது.

பெரிய மதர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். மரியாதைக்கு இன்னொரு அரைக் கரண்டி.

"அழகாக, மிக அழகாகச் செய்திருக்கிறாய், பிள்ளை. உங்கள் வீடு கடலுக்கு மிகவும் பக்கமோ?"

தங்கை இளைய சிஸ்டரின் கைக்குட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டின் மேல் குனிந்து மூச்சை உள்ளே இழுத்தாள். நீளமாக. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"ஆமா மதர்" என்று நான்தான் சொன்னேன். "எழுபது அடி."

"ஃபாதருக்கு எழுதுகிறேன்" என்றார் மதர்.

வராந்தாவில் வந்து செருப்பைப் போடும்போது தங்கை கேட்டாள்.

"மணல் எங்கனண்ணே அள்ளுன?"

"நீ சொன்ன எடத்துலதான். மேட்டுல."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அவ்வளவு விரைவாக நான் எதையும் எண்ணிச் சொன்னதில்லை. அவள் தன் உள்ளங்கையை மூக்கருகில் கொண்டுபோனாள். அப்புறம் முந்தானையை. அப்புறம் மறுபடி கையை. திரும்பி வரும் ரயிலில் பதினேழு தடவை கையை மோந்து பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு எண்ணினேன்.

சனிக்கிழமை சாமியார் வந்து, மடத்தில் வேறு ஆள் கிடைத்துவிட்டதாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அய்யா வாக்குக் கொடுத்தார். தங்கை பேசப்படாது என்று ஒத்துக்கொண்டிருந்தாள், பேசவில்லை. தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் முடிந்தது. போகும்போது தகரத் தட்டுகளை எடுத்துக்கொண்டாள். மூன்றாவது டின்னை அடுக்களைப் பரணிலேயே விட்டுவிட்டாள். அதைத் திறக்க எங்களுக்குத் தைரியமில்லை. நான் எடுத்து என் பெட்டியின் அடியில் போட்டேன்.

முதல் எட்டு வருஷத்தில் நான் காரங்காட்டுக்குப் போனது நான்கு தடவை. அடித்தார், குடித்தார் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் சமைத்தாள், வலைக்காரர்களுக்குச் சோறு கட்டினாள், அவருடைய மூன்று பிள்ளைகளோடு தன் இரண்டையும் வளர்த்தாள். அவளுடைய வாய்தான் போய்விட்டது. கேட்டதற்குப் பதில், அதற்குமேல் இல்லை.

அய்யா இறந்தபோது வந்து ஒரு வாரம் இருந்தாள். ஏழாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போனபிறகு, அடுக்களையில் பாத்திரம் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். தகரத் தட்டுகளைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன்.

"ஒரு தடவையாச்சும் அந்தப் பலகாரத்தைச் செஞ்சு பாத்தியா புள்ள?"

"எதை வச்சுச் செய்ய? காரங்காட்டுல மணலுக்கு எங்கன போக? எல்லாம் சேறு, அலையாத்தி மரம்." கழுவிய கரண்டியை வைத்துவிட்டு, "அந்த டின்னு இருக்கா?" என்றாள்.

எடுத்துவந்து கொடுத்தேன். படம் உரிந்து போயிருந்தது. அடியில் துரு. இரண்டு பக்கமும் தகரம் உப்பியிருந்தது. விரலால் தட்டிப் பார்த்தாள்.

"விசமாயிருக்கும்."

அதைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"நாலு செதில் கெடந்துச்சுண்ணே."

"என்ன செதிலு?"

"சருவத்துல. மடத்துல இருந்து வந்த அன்னைக்குச் சாயங்காலம் மணலைக் கொட்டுறேன், வெயில்ல மினுங்குது. சாளைச் செதிலு. நாலு. உன்னைய மாதிரி நானும் எண்ணிப் பாத்தேன்."

எனக்கு வாய் வந்தது, அதுவும் தப்பாக வந்தது. "அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன்ல. வராந்தாவுல."

அடுக்களையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அவள் கடைசிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"செதிலைப் பாத்தப்ப ஒரு நிம்மதிகூட வந்துச்சு. என் கைதான் நாறுதோன்னு ரயில்ல பூராவும் செத்துச் செத்து வந்தேன்."

"அய்யாகிட்ட சொல்லியிருந்தா…"

"சொல்லி? இன்னொரு டின்னு இருந்துச்சு. ஆனா அந்தக் கூடத்துல மறுபடி போயி நிக்க என்னால ஆகாது." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அதைக் கொண்டுபோயிப் பொதைச்சிரு. வீட்டுப் பக்கத்துல வேண்டாம், புள்ளைக தோண்டிருங்க."

டின்னை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்குப் போனேன். என் நடை குறுகிவிட்டதோ, மேடு காற்றில் நகர்ந்துவிட்டதோ, இருநூற்றிருபது அடி வந்தது. போக மூன்று நிமிஷம். வெறுங்கையோடு வர மூன்று நிமிஷம். சருவம் நிறைய மணலோடு வந்தால் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வியாழக்கிழமை பாம்பன் ஸ்டேஷனில் நாங்கள் ரயிலுக்காக நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம்.